கடலுக்கு வாய்தா

அமெரிக்காவின் வட கரோலினாவில் அறிவியல் குழு ஒன்று 2010இல் கணக்குப் போட்டுச் சொன்னது: 2100க்குள் கடல்மட்டம் சுமார் ஒரு மீட்டர் உயரலாம். கடற்கரையில் மனை வைத்திருந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. சட்டமன்றம் சும்மா இருக்குமா? 1900க்குப் பிறகு உயர்ந்த அதே நிதானத்தில்தான் கடல் உயர்வதாகக் கணக்கிட வேண்டும், வேகமெடுக்கக் கூடாது என்று மசோதா எழுதினார்கள். ஊர் சிரித்தது. 2012இல் நிறைவேறிய சட்டம் கொஞ்சம் இறங்கிவந்து, கடல் உயரும் வேகத்தை அரசு நிர்ணயிப்பதை மட்டும் 2016 ஜூலை வரை தள்ளிவைத்தது. அடுத்த அறிக்கையில் 30 ஆண்டுக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டாமென்று குழுவுக்கும் உத்தரவு. இரண்டாண்டுக்கொரு தேர்தலைச் சந்திப்பவர்களுக்கு 30 ஆண்டே ஏழு பிறவி. கடலுக்கு ஓட்டுரிமை இல்லை. அதனால்தான் மனு கொடுக்காமல் நேரே வீட்டுக்கே வந்துவிடுகிறது.