பரணில் தொங்கிய பூட்ஸ்

எங்கள் கொடைக்கானல் மலைப் பூம்பாறையில் ஒரு பையன் பட்டாளத்துக்குப் போகிறான் என்றால் ஊருக்குச் சம்பளக் கணக்கில் பெரிய ஆர்வம் கிடையாது. முதல் வருஷம் மாதம் 30,000, பிடித்தம் போகக் கைக்கு 21,000, நாலு வருஷம் என்பதெல்லாம் 2022-இல் அக்னிபத் திட்டத்தை அறிவித்தபோதே டீக்கடையில் பேசித் தீர்த்த சங்கதி. பையனைக் கண்டதும் எல்லார் பார்வையும் காலுக்குத்தான் போகும். "பூட்ஸ் வாங்கியாச்சா?"

என் அக்கா மகனுக்கு, வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் பயிற்சி மையத்தில் வந்து சேரச் சொல்லி உத்தரவு வந்தது. பூட்ஸை அவர்களே கொடுப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தாய்மாமன் சீர் செய்ய வேண்டியவன்; கருத்துச் சொல்ல வேண்டியவன் அல்ல.

இத்தனைக்கும் பயல் தேர்வானதே வெறுங்காலில் ஓடித்தான். ஆள்சேர்ப்பு முகாமில் 1,600 மீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் முடித்தால் 60 மதிப்பெண். பூம்பாறையில் பள்ளிக்கூடம், கோயில், பூண்டுக் காடு எதற்குப் போனாலும் ஒன்று ஏற வேண்டும், இல்லை இறங்க வேண்டும். ஓடுவதற்கென்று மட்டமான மைதானத்தைக் கொடுத்ததையே அவன் சலுகை என்று நினைத்துக்கொண்டான். பிறகு மருத்துவர்கள் உள்ளங்கால் தட்டையா, நிற்கும்போது முட்டி இடிக்கிறதா என்று பார்த்தார்கள். எங்கள் வம்சத்து உள்ளங்காலைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. அதற்கு நேர் மேலே, மறுகோடியில் இருப்பதைப் பற்றித்தான் பேச்சு உண்டு.

எங்கள் மலையே வெறுங்கால் மலை. அடிவாரத்துப் பழனிக்குத் தைப்பூசத்தின்போது காரைக்குடிச் சீமையிலிருந்து செருப்பில்லாமல் நடந்தே வருகிறார்கள். அவர்கள் பார்க்க வரும் ஆண்டவரோ கோவணமும் தண்டமும் தவிர வேறெதுவும் எடுக்காமல் வீட்டை விட்டு வந்தவர். அதனால் பூட்ஸ் விஷயத்தில் யோசனை சொல்ல இருந்தவர் ஒரே ஒருவர்தான்: மிலிட்டரி மாமா. 71 பாகிஸ்தான் சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

"அவுங்க குடுப்பாங்கதான் மாப்ளே. ஆனா தோல் பூட்ஸை அங்க போயித்தான் மொதமொதப் போடுறேன்னா, மொத மாசம் பூராக் கொப்புளத்துக்குத்தான் சேவகம் பண்ணணும். காலை இங்கயே பழக்கிரு" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. கடைக்குச் சாயங்காலம்தான் போக வேண்டும் என்பது அவருடைய முதல் உத்தரவு. நாள் முழுக்க நடந்த கால் பொழுது சாயும்போது கொஞ்சம் வீங்கியிருக்கும். அந்தக் காலுக்குச் சேருவதுதான் கடைசிவரை சேரும். "காலையில வாங்குனது காலையில மட்டும்தான் சேரும்."

திண்டுக்கல் கடையில் மாமா நடத்தியது ஒரு பரேடு. எந்த சாக்ஸோடு நடக்கப்போகிறானோ அதையே போட்டுப் பார்க்க வேண்டும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் எழும்பக் கூடாது. கடைக்காரர் நாலு எட்டு நடந்து பார்க்கச் சொன்னார். மாமா மாடிப்படியில் இறங்கச் சொன்னார். ஏறும்போது எல்லாப் பூட்ஸும் நல்ல பூட்ஸ்தான். இறங்கும்போதுதான் விரல் போய் முட்டும், நகம் கறுக்கும். பையன் ஏறி இறங்கினான். மாமாவுக்குத் திருப்தியில்லை. முதுகில் வைக்கக் கடையில் சிமெண்டு மூட்டை ஏதும் கிடைக்குமா என்று விசாரித்தார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

நீளம் சரியாக வந்த ஜோடியெல்லாம் அகலத்தில் பிடித்தது. இதில் பையனின் காலைக் குற்றம் சொல்ல முடியாது. சென்னையில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கால் அளவெடுத்தது. நம்மவர் பாதம் வெள்ளைக்காரர் பாதத்தைவிட அகலம் என்று தெரிந்தது. நமக்கென்று 'பா' என்று ஓர் அளவு முறையும் தயாரித்திருக்கிறார்கள். 1947-இல் தேசத்துக்கு விடுதலை கிடைத்தபோது, வெள்ளைக்காரர் அளவிலிருந்து சுண்டுவிரலை விடுவிக்க மறந்துவிட்டார்கள் போல. ஒரு சைஸ் பெரிதாக, கறுப்பு டி.எம்.எஸ். பூட்ஸ் ஒன்று கடைசியில் படிந்தது. ரப்பரைத் தோலோடு நேராக வார்த்துச் சேர்த்த அடி. தையல் பிரியுமே என்ற பயமில்லை.

மாமா காலத்தில் போட்டது லாடம் அடித்த பூட்ஸ். மைதானத்தில் மொத்தப் பேரும் சேர்ந்து குதிகாலை வைத்தால் வயிற்றுக்குள் கேட்கும் என்பார். 1962 சீனச் சண்டையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவரிடம் வேடிக்கை இருக்காது. கேன்வாஸ் ஷூவும் பருத்தி உடுப்புமாக ஆட்களை இமயமலைப் பனியில் நிறுத்திய கதை அது. அதற்கெல்லாம் முந்தி, கம்பெனி காலத்து மதராஸ் சிப்பாய் செருப்போடுதான் அணிவகுத்தான். 1806-இல் அவன் வேலூர்க் கோட்டையில் துப்பாக்கியைத் திருப்பியதற்கு ஒரு காரணம் தோல்தான் என்றாலும், அது காலுக்கு வந்த தோல் அல்ல; புதுத் தலைப்பாகையில் செருகச் சொன்ன தோல்.

பூட்ஸ் வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான பயிற்சி தொடங்கியது, அக்காவுக்கு. தோல் இளக விளக்கெண்ணெய் இரண்டு சொட்டு விட்டுத் துணியால் தேய்க்கச் சொல்லியிருந்தார் மாமா. அக்காவுக்கு எண்ணெயில் சொட்டுக் கணக்கு கிடையாது. பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுவதற்கு முன் தேய்ப்பதுபோல நாக்கு, மூக்கு, குதிகால் என்று ஒன்று விடாமல் தேய்த்து வைத்தாள். சாம்பிராணிப் புகை காட்டித் தூங்கவைக்காததுதான் பாக்கி.

அது ஐப்பசி மழை நேரம். எங்கள் மேல்மலையில் அந்த மாதங்களில் தோல் சாமான் எதையும் சும்மா வைக்க முடியாது. இடுப்பு பெல்ட், மணிபர்ஸ் எல்லாவற்றிலும் பச்சைப் பூசணம் பூத்துவிடும். பையன் விடியற்காலையில் பூண்டுக் காட்டு வரப்பில் நடந்துவிட்டு, பூட்ஸுக்குள் பாதி வாய்க்காலோடு திரும்புவான். உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, காற்றாட வைக்க வேண்டும் என்பது மாமாவின் சட்டம். காற்றே நனைந்திருக்கிற ஊரில் காற்றாட வைத்த பூட்ஸ் இன்னும் கொஞ்சம் நனைந்தது. அடுப்போரம் வைத்தால் சூட்டில் தோல் வெடிக்கும். அக்கா யாரிடமும் கேட்கவில்லை. அடுப்புப் புகையில் பூண்டுக் கட்டைத் தொங்கவிடும் பரணில் பூட்ஸையும் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டாள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டும், எந்தக் குறியீடும் வாங்காத திண்டுக்கல் பூட்ஸும் பக்கத்தில் பக்கத்தில் ஆடின.

பூட்ஸ் நன்றாகக் காய்ந்தது. பூசணம் தொடவில்லை. சோலைக்குள் போனால் அட்டைகூட ஏற யோசித்தது. ஆனால் பையன் தெருமுனையில் வரும்போதே யார் வீட்டிலோ ரசம் கொதிக்கிறது என்று தோன்றும். தெருநாய்கள் பின்னாலேயே வந்தன.

பாலிஷ் பாடம் திண்ணையில் நடந்தது. பழைய பனியன் துணியை விரலில் இறுக்கிச் சுற்றி, பாலிஷைத் தொட்டும் தொடாமலும் எடுத்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர், மறுபடி வட்டம். கண்ணாடி வேலையெல்லாம் மூக்குக்கும் குதிகாலுக்கும்தான். நடக்கும்போது மடிகிற இடத்தில் கனமாகப் பூசினால் வெடித்து உதிர்ந்துவிடும். மூஞ்சி தெரியும்வரை மாமா விடவில்லை. தெரிந்ததும் பயல் அதில் மீசை பார்த்துக்கொண்டு பொழுதைப் போக்கினான். அவன் எழுந்து போன நேரத்தில் அம்மாச்சி அதில் பார்த்துத் திருநீறு பூசிக்கொண்டாள்.

கிளம்புகிற அன்று அந்த ஜோடியை வீட்டிலேயே விட்டுப்போனான். இப்போது அத்தான் அதைப் போட்டுக்கொண்டுதான் காட்டுக்கு மருந்தடிக்கப் போகிறார். உரக்கடைக்கு வந்தவர்கள் அவர் காலில் தங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மரியாதையாக விலகி நிற்கிறார்களாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெலிங்டனிலிருந்து போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். புதுப் பூட்ஸ் கொடுத்துவிட்டார்கள், மற்றவர்கள் நொண்டுகிறார்கள், தனக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை என்றான். மாமா நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தார். "சாக்ஸுதான்மா காயவே மாட்டேங்குது. ராத்திரி வயித்துல போட்டுக்கிட்டுப் படுக்குறோம். இங்கயும் மேகம் எறங்கிருது. நாலரைக்கு எழுப்பி விட்டுர்றாங்க. மூட்டையத் தூக்கிட்டு மேடேறணும்."

போனை வைத்துவிட்டு அக்கா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு மாமா பக்கம் திரும்பினாள்.

"குளிரு, மேகம், மேடு, மூட்டை, காயாத துணி. இதெல்லாம் நம்ம வீட்லயே இருந்துச்சே மாமா. நான் எழுப்புனப்ப மட்டும் அவன் ஏன் எந்திரிக்கல?"

71 சண்டையைப் பார்த்த மிலிட்டரி மாமா பதில் சொல்லாமல் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டத் தொடங்கினார். அவர் போட்டிருந்தது ரப்பர் செருப்பு.