குட்டி யானைக்கு ஒரு கோப்பை

நாவலூர் சுங்கச்சாவடியில் 2023 அக்டோபரில் வசூல் நின்றபோது ஊரே பெருமூச்சு விட்டது. வருத்தப்பட்ட ஒரே ஆள் நம் நண்பர்தான். வயது ஐம்பத்தைந்து. மெட்ரோ தூண்களுக்கு நடுவே தினமும் சோழிங்கநல்லூர் வரை காரோட்டிப் போய் வருபவர். தடுப்புக் கட்டை தூக்கியதும் முதல் கியரில் சீறி, பக்கத்து வரிசை இன்னோவாவை முந்துகிற அந்த நாலு விநாடிதான் அவருடைய அன்றாட மோட்டார் பந்தயம்.

"பிட் ஸ்டாப்பை எடுத்துட்டாங்களே" என்றார் வீட்டில்.

"அங்கதான் முன்னாடி நின்ன வண்டியை முட்டி, டிங்கரிங்குக்கு எட்டாயிரம் அழுதீங்க" என்றார் மனைவி.

(இவருக்கும் இந்தக் கட்டுரையை எழுதுபவருக்கும் வீட்டு விலாசம் ஒன்றாக இருப்பது தற்செயல்.)

மோட்டார் பந்தயத்தை எப்படித் திருத்தலாம் என்று நண்பரிடம் எப்போதும் யோசனைகள் உண்டு. அதிலும் அமெரிக்காவின் நாஸ்கர் மேல் அவருக்குத் தனிப் பிரியம். அங்கே ஓடுவது 'ஸ்டாக் கார்'. இந்த வார்த்தையை அபார்ட்மென்ட் செயலாளரிடம் சொன்னபோது, அவர் குரலைத் தாழ்த்தி, "எந்த ஷேர் சார், இப்ப வாங்கலாமா?" என்று கேட்டார். ஷேர் இல்லை. ஷோரூமில் ஸ்டாக் இருக்கிற கார், அதாவது நீங்களும் நானும் தவணையில் வாங்குகிற கார் என்பதுதான் ஆதிப் பொருள். 1947 டிசம்பரில் பில் ஃபிரான்ஸ் என்பவர் டேடோனா கடற்கரை ஊரில் ஒரு ஹோட்டல் மாடியில் ஆட்களைக் கூட்டிப் பேசினார். அடுத்த பிப்ரவரியில் நாஸ்கர் என்ற சங்கம் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜெயிக்கிற காரை மக்கள் திங்கட்கிழமை கடையில் போய்க் கேட்பார்கள் என்பது கம்பெனிகளின் கணக்கு. இன்றைக்கு அந்தக் கார்களில் கடைக் காரின் முகஜாடை மட்டும்தான் மிச்சம். ஹெட்லைட்கூட ஸ்டிக்கர்.

அமெரிக்காவில் நடக்கிற கூத்துக்கு நாவலூரில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அங்கேதான் கோயம்புத்தூர் குறுக்கே வருகிறது.

கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயனை ஃபார்முலா 1-இல் ஓடிய முதல் இந்தியர் என்று எல்லோருக்கும் தெரியும். 2005-இல் ஜோர்டன் அணிக்கு ஓட்டினார். அந்த வருடம் இண்டியானாபோலிஸில் நாலாவதாக வந்தார். நண்பர் இதைப் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் அவருடைய மச்சான், "எத்தனை பேர்ல?" என்று கேட்பார். ஆறு பேரில். டயர் தகராறில் பதினான்கு கார்கள் கிளம்பும் முன்பே ஒதுங்கிக்கொண்டன. ஆனாலும் நாலாவது நாலாவதுதானே?

பலருக்குத் தெரியாத சங்கதி அதற்குப் பிறகு வருகிறது. 2010-இல் நரேன் அமெரிக்கா போய், நாஸ்கரின் டிரக் பந்தயத்தில் இறங்கினார். பிக்கப் வண்டிகளை ஓடவிடுகிற தேசியப் போட்டி அது. நம் கணக்கில் சொன்னால் குட்டி யானை ரேஸ். மார்ட்டின்ஸ்வில் என்ற இடத்தில் மார்ச் மாதம் முதல் பந்தயம், பதின்மூன்றாவதாக வந்தார். அந்த சீசனில் பாதிப் பந்தயங்கள்கூட அவர் ஓடவில்லை. எதையும் ஜெயிக்கவும் இல்லை. வருடக் கடைசியில், ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் 'மிகப் பிரபலமான ஓட்டுநர்' விருது யாருக்கு? நரேன் கார்த்திகேயனுக்கு.

அந்த ஓட்டுகள் எந்தத் திசையிலிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை. நண்பர் தன் ஓட்டை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டார். எத்தனை தடவை போட்டார் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். "ரசிகன் சொல்லு அம்பலம் ஏறாதுன்னு யார் சொன்னது?" என்பதுதான் அன்றிலிருந்து அவர் கட்சி.

ரசிகர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்கிற விஷயத்தில் நாஸ்கரைக் குறை சொல்ல முடியாது. சில சமயம் அளவுக்கு மீறியே போட்டுக்கொள்கிறார்கள். தார் ரோடு அலுத்துவிட்டது என்றார்கள். பிரிஸ்டல் தடத்தில் லாரி லாரியாக மண் கொட்டி 2021 முதல் மூன்று வருடம் சேற்றில் ஓடவிட்டார்கள். நகரத்துக்குள் வாருங்கள் என்றார்கள். 2022-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டேடியத்தின் புல்தரைமேல் தார் போட்டார்கள், அடுத்த வருடம் சிகாகோ தெருக்களில் இறங்கினார்கள். நடுவில் தூக்கம் வருகிறது என்றார்கள். 2017-இல் பந்தயத்தை மூன்று பாகமாக வெட்டி இடைவெளி விட்டார்கள். இந்தக் கடைசி யோசனையைத் தமிழனிடம் கேட்டிருந்தால் அறுபது வருடம் முன்பே சொல்லியிருப்பான். இண்டர்வெல் இல்லாமல் பாப்கார்ன் எப்படி விற்கும்?

வீல் நட்டு விவகாரம் தனி. 2021 வரை ஒரு சக்கரத்துக்கு ஐந்து நட்டு. பிட்டில் அந்த ஐந்தையும் 'டர்ர் டர்ர்' என்று கழற்றி மாட்டுகிற சத்தத்துக்கே ஒரு ரசிகர் கூட்டம் இருந்தது. 2022-இல் புது வண்டி வந்தது, நடுவில் ஒரே நட்டு. பழைய ரசிகர்கள் துக்கம் கொண்டாடினார்கள். நண்பர் இதைத் தாழம்பூர் ரோட்டு பஞ்சர் கடையில் சொல்லிப் பார்த்தார். கடைக்காரர் ஸ்பேனரைக் கீழே வைக்காமல், "ஒரே நட்டா? அது கழண்டா என்னண்ணே பண்றது?" என்றார். புது வண்டி ஓடிய முதல் சீசனிலேயே பல பந்தயங்களில் சக்கரம் தனியாகக் கழன்று ஓடியது. இவரை ஆலோசகராகப் போட்டிருக்கலாம்.

ரசிகர்கள் அதிகம் சண்டை போட்டது கோப்பை யாருக்கு என்பதில். 2014-இல் வந்த முறைப்படி வருடம் முழுக்க எப்படி ஓட்டினாலும் கடைசிப் பந்தயத்துக்கு நாலு பேர் மிஞ்சுவார்கள். அதில் முந்துகிறவர்தான் சாம்பியன். 2024-இல் ஜோயி லொகானோ இப்படிக் கோப்பையைத் தூக்கினார். அந்த வருடம் முழுக்க அவர் சராசரியாக வந்தது பதினேழாவது இடம். காலாண்டு, அரையாண்டில் பார்டர் பாஸ் ஆகிவிட்டு முழுப் பரீட்சையில் ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்த பையனைப் பார்க்கிற மாதிரி ரசிகர்கள் பார்த்தார்கள். கூச்சல் தாங்காமல் 2026-க்கு அந்த முறையையே எடுத்துவிட்டார்கள்.

ஒரே ஒரு புதுமையை மட்டும் நாஸ்கர் உடனே மூட்டை கட்டியது. 2022 அக்டோபர் 30, அதே மார்ட்டின்ஸ்வில். கடைசிச் சுற்று. ராஸ் சாஸ்டெய்ன் பத்தாவது இடத்தில் இருக்கிறார். கோப்பைக்கான அந்த நாலு பேரில் ஒருவராக இன்னும் இரண்டு பேரை முந்த வேண்டும், மிஞ்சியிருப்பதோ அரைச் சுற்று. மனிதர் ஐந்தாவது கியரைப் போட்டார். வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. வண்டியை வெளிச்சுவரில் சாய்த்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். சுவரே வண்டியைத் திருப்பிக் கொண்டுபோனது. ஐந்து கார்களைத் தாண்டி உள்ளே வந்தார். சின்ன வயதில் வீடியோ கேமில் கற்ற வித்தை என்றார். அடுத்த ஜனவரியில் நாஸ்கர், இனி யாராவது இதைச் செய்தால் தண்டனை என்று அறிவித்தது.

நண்பருக்கு இதில் ஆச்சரியமே இல்லை. நம் ஊரில் இதற்குப் பெயர் பிளாட்பாரத்தில் ஏற்றுவது. சாயங்காலம் ஆறரைக்கு சிறுசேரி சிப்காட் விட்டதும் ஓ.எம்.ஆரில் வந்து நின்றால், ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிய சாஸ்டெய்ன்கள் எத்தனையோ பேரைப் பார்க்கலாம். தண்டனை அறிவிக்க நாஸ்கர்தான் இல்லை.

நண்பருக்கு இந்தப் பைத்தியம் பிடித்த இடம் சோழவரம். எண்பதுகளில் தாம்பரத்து மாமா அவரை ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எழுப்பி, பீச் ரயிலேற்றி, பாரிஸ் கார்னரில் பஸ் பிடித்துக் கூட்டிப் போவார். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. விஜய் மல்லையா ஒரு பழைய ஃபார்முலா 1 காரையே கொண்டுவந்து ஓட்டினார். (அப்போது அவர் துரத்துகிற பக்கம் இருந்தார்.) ஆனால் மாமாவுக்கு அந்த நீள மூக்கு வண்டிகள் ஒரு பொருட்டே இல்லை. ஃபியட்டும் ஹெரால்டும் வரும்போதுதான் எழுந்து நிற்பார்.

ஹெரால்டு எங்கிருந்தோ வந்த வண்டியல்ல. ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் பத்து வருடம் அதைச் செய்தது பெருங்களத்தூரில். தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையம். "நம்ம ஊரு வண்டிடா!" என்று மாமா கத்துவார். வண்டி கடைசியில் வந்தாலும் கத்துவார். பக்கத்தில் நின்றவர் ஃபியட் வைத்திருப்பவர். அவர் ஃபியட்டுக்குக் கத்துவார். திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேரும் கார்புரேட்டரைப் பற்றி ஒரே சீட்டில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள். மாமாவிடம் இருந்தது சைக்கிள்.

1990-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டருக்கு முறையான தடம் வந்தது. அங்கேயும் ஊர் வண்டிகள் ஓடாமல் இல்லை. போலோ ஓடியது, ஹோண்டா சிட்டி ஓடியது. மாருதி எஸ்டீம் ஷோரூமிலிருந்து விடைபெற்றுப் பல வருடம் கழித்தும் அங்கே ஓய்வு பெறாமல் ஓடியது. ஆனால் போஸ்டரில் நீள மூக்குக்குத்தான் இடம்; எஸ்டீம் ஓட்டுகிறவரைப் பெற்றவர்கள்தான் பார்ப்பார்கள். நண்பரின் முழு வழக்கும் இதுதான். நம் தெருவில் நிற்கிற வண்டி ஓடினால் தெருவே வந்து பார்க்கும்.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 இரவுகளில் தீவுத்திடலைச் சுற்றி அண்ணா சாலை, நேப்பியர் பாலம் வழியே மூன்றரை கிலோமீட்டரில் பந்தயம் நடந்தபோதும் அவர் இதையே சொன்னார். அது 2023 டிசம்பரிலேயே நடந்திருக்க வேண்டியது. மிக்ஜாம் புயல் வந்து தள்ளிப்போனது. (அதே புயலில் நண்பரின் காரும் பேஸ்மென்ட்டில் மூழ்கி, ஒரு மாதம் பந்தயத்திலிருந்து விலகி நின்றது.) ஆகஸ்டிலும் முதல் நாள் தடத்துக்கான சர்வதேசச் சான்றிதழ் வரத் தாமதமாகி, உயர்நீதிமன்றம் கெடுவை நீட்டிக்க வேண்டியிருந்தது. பந்தயக் கார்கள் சான்றிதழுக்காகக் காத்து நின்ற காட்சி, ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி.க்கு நிற்கிற வேன்களை ஞாபகப்படுத்தியதாக நண்பர் சொன்னார். "வண்டி நல்லாத்தான் ஓடுது. ஆனா ஓட்டுறவன் யாரு, எந்த ஊரு, அது என்ன வண்டி, ஒண்ணும் தெரியலையே" என்றார் கூட இருந்து டிவி பார்த்த மச்சான்.

அன்றிரவுதான் இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் யோசனைகளை எழுதினார்கள். வர்ணனைக்கு ஜல்லிக்கட்டு மைக்காரர் வேண்டும் என்பது மச்சானுடையது. "கோயம்புத்தூர் வண்டி வருது, சூலூர் வளைவுல வளர்ந்த வண்டி, முந்திப் பாரு! முந்துறவருக்கு ஒரு அண்டா, ஒரு கட்டில், கமிட்டி சார்பா ஒரு சைக்கிள்!" என்று யாராவது அலறினால் மூன்றாவது சுற்றுக்குள் எல்லா ஓட்டுநர் பெயரும் மனப்பாடம் ஆகிவிடும் என்பது அவர் வாதம். இதை மறுக்க முடியவில்லை. நாய் பிடிக்கத் தனி ஆள் என்று இன்னொன்று. 2011-இல் நொய்டா பக்கம் நடந்த இந்தியாவின் முதல் ஃபார்முலா 1-இல் முதல் பயிற்சியின்போதே ஒரு நாய் தடத்தில் இறங்கி, சிவப்புக் கொடி காட்ட வைத்தது. தடத்தில் நாலு வேகத்தடை, அதில் ஒன்றுக்கு வெள்ளைக் கோடு போடாமல் விடுவது என்ற யோசனையை எழுதிவிட்டு அடித்துவிட்டார்கள். தண்ணி லாரிக்கும் தனிப் பிரிவு வேண்டும் என்றார் மச்சான். "வேண்டாம், நெஜ டேங்கர்காரங்க வந்துட்டா மத்தவங்க பயந்து விலகிடுவாங்க" என்று நண்பர் தடுத்தார்.

தாளின் தலைப்பில் இருப்பது குட்டி யானை ரேஸ். சிரிக்க வேண்டாம். 2014-இல் டாடா கம்பெனி அதே நொய்டா தடத்தில் பெரிய லாரிகளை வைத்தே பந்தயம் நடத்திக் காட்டியது. அடுத்தடுத்த வருடங்களில் இந்திய லாரி டிரைவர்களையே பயிற்சி கொடுத்து ஓட்ட வைத்தது. லாரி ஓடலாம் என்றால் குட்டி யானைக்கு என்ன குறை? கேளம்பாக்கத்து வண்டி, படப்பை வண்டி, முடிச்சூர் வண்டி. பின்னால் வீடு மாற்றுகிற சாமான் ஏற்றியபடி ஓட்ட வேண்டும், பீரோ கண்ணாடி உடைந்தால் ஐந்து விநாடி அபராதம். இருங்காட்டுக்கோட்டைக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மனது வைத்தால் போதும். பந்தயப் பணத்தில் பாதியைத் தருவதாக நாவலூரில் ஒரு குட்டி யானைக்காரர் இப்போதே சொல்லிவிட்டார்.

மாமா இல்லை. பெருங்களத்தூரில் ஹெரால்டு செய்த இடத்தில் இன்று கண்ணாடிக் கட்டடங்களில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் இயங்குகின்றன. நண்பரின் மகள் அங்கேதான் வேலைக்குப் போகிறாள், கம்பெனி கேபில். யோசனைத் தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. அதன் கீழ்ப்பாதியில் இந்த மாதப் பால் கணக்கு ஓடுகிறது.