ஷட்டர் வைத்தவனின் விண்ணப்பம்

அனுப்புநர்: மூன்று பழைய கார்களுக்குச் சொந்தக்காரன், ஓய்வு பெற்ற வங்கி ஊழியன், சென்னைப் புறநகர்.

பெறுநர்: கட்டட வரைபட அனுமதிப் பிரிவு, எங்கள் பகுதி உள்ளாட்சி அலுவலகம்.

பொருள்: கார் ஷெட்டில் காரைத்தான் நிறுத்துவேன் என்பதை நம்பும்படி வேண்டுதல், தொடர்பாக.

பார்வை: என் வரைபடத்தின் ஓரத்தில் தங்கள் அலுவலகம் பென்சிலால் போட்ட கேள்விக்குறி.

மதிப்பிற்குரிய ஐயா,

வீட்டுக்குப் பின்னால் மூன்று கார் நிற்கும்படி ஒரு ஷெட் கட்ட அனுமதி கேட்டிருந்தேன். ஏழு மாதம் கழித்து வரைபடம் திரும்பி வந்திருக்கிறது. ‘இது கடையா, ஒர்க்‌ஷாப்பா, குடோனா எனத் தெளிவுபடுத்தவும்’ என்று கேட்டிருக்கிறீர்கள். ‘கார் ஷெட்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததை யாரும் படிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். படித்திருப்பீர்கள். நம்பியிருக்க மாட்டீர்கள்.

உங்கள் மேல் தப்பில்லை. எங்கள் தெருமுனையில் ஒரு நாலு மாடிக் கட்டடம் இருக்கிறது. உங்கள் முத்திரை விழுந்த வரைபடத்தில் அதன் தரைத்தளம் முழுக்க வாகன நிறுத்தம். இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் என்று விதிப்படி எட்டுக் கட்டம் கட்டி, கட்டத்துக்கு ஒரு காராக டிராஃப்ட்ஸ்மேன் அழகாக வரைந்திருப்பார். நேரில் போய்ப் பார்த்தால் அங்கே ஒரு மருந்துக்கடை, ஒரு டியூஷன் சென்டர், ஒரு பிரியாணிக் கடை. மேலே குடியிருப்பவர்களின் கார்கள் தெருவில் உறை போர்த்திக்கொண்டு தூங்குகின்றன. உறை பறக்காமலிருக்க நாலு மூலையிலும் செங்கல். குப்பை வண்டி ரிவர்ஸில்தான் எங்கள் தெருவை விட்டு வெளியேறுகிறது. ஆனால் கோப்பில் அந்த எட்டு கார்களும் இன்றைக்கும் தரைத்தளத்தில்தான் நிற்கின்றன. மையில் பிறந்த கார்கள். பஞ்சர் ஆகாது, துருப் பிடிக்காது, மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் இடம் பிடிக்க ஓடவும் வேண்டாம். இத்தனை வருடம் அவற்றையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தகரத்தால் ஆன காரோடு ஒருவன் வந்து நின்றால் திகைப்பாகத்தானே இருக்கும்?

என் கார்கள் தகரம்தான், ஐயா. மூத்தது 1966 ஃபியட் 1100. கியர் ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கும். அடுத்தது என் அப்பா வாங்கிய 1969 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். வண்டலூர் பக்கம் இருந்த தொழிற்சாலையில் செய்தது. இங்கிலாந்தில் பிறந்தபோது ஹெரால்டுக்கு இரண்டே கதவு. நான்கு கதவு வைத்தது நம் ஊரில்தான். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டும் சேர்ந்து எழுந்து, முதலை வாயைப் பிளந்த மாதிரி இருக்கும். எங்கள் தெருப் பிள்ளைகள் அதைப் பார்க்கவே வருவார்கள். மூன்றாவது 1972 அம்பாசடர் மார்க் 2. அதற்கு அறிமுகம் வேண்டாம். உங்கள் அலுவலக வளாகத்திலேயே ஒன்று செடி முளைத்துக் கிடக்கிறது. ஏலத்துக்கு வந்தால் சொல்லுங்கள், எனக்கு இரண்டு கதவுக் கைப்பிடி தேவைப்படுகிறது.

‘போர்ட்டிகோவில் நிறுத்தி உறை போட்டால் போதாதா சார்?’ என்று கேட்டார் இடம் பார்க்க வந்த உங்கள் ஊழியர். போதாது. நம் ஊர் ஈரத்தில் உறைக்குள் புழுங்கும் கார், வெளியில் நிற்கும் காரைவிடச் சீக்கிரம் அரித்துப்போகும். அதனால்தான் தரைக் கான்கிரீட்டுக்கு அடியில் ஈரம் மேலேறாதபடி தடித்த பாலிதீன் விரிப்பு, காற்று ஓட எதிரெதிர்ச் சுவர்களில் ஜாலி, ஜாலிக்குப் பின்னால் எலி நுழையாத கம்பி வலை என்று வரைபடத்தில் காட்டியிருந்தேன். பழைய வயரிங் என்றால் எலிக்கு விருந்து. போதாக்குறைக்கு இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பர் டியூபை ஊதவைக்கும். மாதக்கணக்கில் நிற்கிற வண்டியின் டேங்கில் என்ன நடக்கும் என்பதை என் மெக்கானிக்கிடம் கேட்டால் அழுவார்.

இவ்வளவில் உங்கள் ஊழியர் கேட்டது ஒன்றே ஒன்று: ‘இந்தப் பள்ளம் எதுக்கு? தண்ணித் தொட்டியா?’ காருக்கு அடியில் இறங்கி வேலை பார்க்க என்றேன். ‘அப்போ ஒர்க்‌ஷாப்’ என்று குறித்துக்கொண்டார். உண்மையில் அந்தப் பள்ளம் என் முட்டாள்தனம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. பள்ளத்தில் இறங்கித் தேங்கி நிற்கும். ஒரு பொறி பட்டால் போதும். அந்தக் காரணம் சொல்லித் தடுத்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். பள்ளத்தை நானே நீக்கிவிட்டேன்.

ஆனால் ஷெட்டின் முகப்பில் காட்டியிருந்த ஷட்டரை நீக்க வழியில்லை. ஷட்டர் என்றால் கடை, கடை என்றால் வணிகம், வணிகம் என்றால் சொத்து வரி வேறு, மின் கட்டணம் வேறு. இரட்டைக் கதவு போடுகிறேன் என்றேன். ‘அப்போ குடோன்’ என்றார். கதவே இல்லாமல் விட்டால் என்னவென்று சொல்வார் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. மனை 2,500 சதுர அடிக்குள் இருந்தால் வீடு கட்டச் சுயசான்று போதும் என்று 2024-இல் அரசு அறிவித்தது. என் மனை இரண்டு கிரவுண்டு. அந்த வரமும் எனக்கில்லை.

இன்னொரு சிக்கலையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். 50 வயதைத் தாண்டிய கார்களை ‘வின்டேஜ்’ என்று பதிய 2021-இல் மத்திய அரசு விதி செய்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டினால் எண்ணில் ‘விஏ’ என்று இரண்டெழுத்து சேரும். அதன்பின் கண்காட்சிக்கோ, ரேலிக்கோ, பெட்ரோல் போடவோ, பழுது பார்க்கவோ எடுக்கலாம். அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. ஒரு அரசு வெளியே எடுக்காதே என்கிறது, இன்னொரு அரசு உள்ளே வைக்காதே என்கிறது. மிச்சம் இருப்பது வாசற்படிதான். அதிலே என் மனைவி கோலம் போடுகிறாள்.

ஆகவே இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். வாகன நிறுத்தம் என்று வரைந்த இடத்தில் எல்லாம் கடை முளைக்கும் ஊர் இது. அப்படியென்றால் கடை என்று வரைந்தால் அங்கே கார் நிற்க வேண்டுமல்லவா? திருத்திய வரைபடத்தை இணைத்திருக்கிறேன். பின்கட்டில் பலசரக்குக் கடை, ஒன்று. ஷட்டர், ஒன்று. தாங்கள் ஆய்வுக்கு வரும் நாளைச் சொன்னால் நாலு மூட்டை அரிசியும் ஒரு தராசும் தயாராக வைக்கிறேன்.

கடை என்றால் வாடிக்கையாளருக்கு வாகன நிறுத்தம் காட்ட வேண்டுமென்று டிராஃப்ட்ஸ்மேன் நினைவூட்டினார். கடைக்குள்ளேயே காட்டியிருக்கிறேன். கட்டத்துக்கு ஒன்றாக மூன்று கார், மையில்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஷட்டர்காரன்

இணைப்பு: வரைபடம் நான்கு பிரதிகள். ஹெரால்டின் புகைப்படம் ஒன்று, பானெட் திறந்தபடி. அனுமதிக்காக அல்ல, சும்மா பார்ப்பதற்கு.