ஊர் நகரவில்லை, மாவட்டம் நகர்ந்தது

டேட்டாபேஸில் தரவை ஏற்றும் வேலைக்கு முதலில் சர்வர் முகவரி, போர்ட் எண், பயனர் பெயர், கடவுச்சொல் வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்றால் வழக்கமான போர்ட் 5432. இவை சரியானால் கதவு திறக்கும். வம்பு உள்ளே இருக்கிறது. எடுத்துக்காட்டாக, 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திரத்தின் 13 மாவட்டங்கள் 26 ஆயின. காளஹஸ்தி இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு சித்தூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தது. கூடூர் நெல்லூரிலிருந்து வந்தது. மாவட்ட அட்டவணையில் 'திருப்பதி' என்ற வரி சேருமுன் அந்தப் பெயரோடு வரும் பக்தர் பதிவுகளை ஃபாரின் கீ என்ற கட்டுப்பாடு வாசலிலேயே திருப்பி அனுப்பும். உலகறிந்த ஊர் அதற்கு மட்டும் தெரியாது. அந்தக் கட்டுப்பாட்டைக் கழற்றிவிட்டு ஏற்றுவோரும் உண்டு. எல்லாம் ஏறும், குப்பையும் சேர்த்து. முறையான வழி, இடைக்கால அட்டவணையில் இறக்கி, சரிபார்த்து, ஒரே டிரான்சாக்‌ஷனில் ஏற்றுவது. பாதியில் அறுந்தால் மொத்தமும் பின்வாங்கும். இல்லாவிட்டால் மறுபடி ஓட்டும்போது ஒரே பக்தர் இருமுறை தரிசனம் செய்திருப்பார், கணக்கில் மட்டும்.