விறகு அட்டி

சித்திரை பிறந்துவிட்டால் சிவகங்கைப் பக்கத்து வீடுகளில் மாம்பழத்துக்கு முன்னால் விறகுதான் பேச்சாக இருக்கும். ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் ஈரக்கட்டையோடு யார் மல்லுக்கு நிற்பது? அதனால் மழைக்கால அடுப்பெரிப்பைக் கோடையிலேயே காயப்போட்டு வைப்பார்கள். உங்கள் கொல்லையிலும் அப்படி ஓர் அட்டி இருந்திருக்கும். பந்து அதன் பின்னால் போய் விழுந்தால், தேளுக்குப் பயந்து குச்சியால் தட்டிவிட்டுத்தான் கையை நீட்டியிருப்பீர்கள்.

எங்களுக்கு வந்து இறங்கியதெல்லாம் வேலிக்கருவைதான். 2017-ல் உயர்நீதிமன்றமே வேரோடு பிடுங்கச் சொன்ன அதே சீமைக்கருவேலம். அன்றைக்கு அதை யாரும் வில்லனாகப் பார்க்கவில்லை. பாதி ஊருக்குச் சோறு வெந்ததே அதில்தான். பிளந்து போட ஆள் வருவார், அடுக்குவது என் பொறுப்பு. கறையான் ஏறாமலிருக்க அடியில் கல் பரப்பி, ஓரங்களில் குறுக்கும் நெடுக்குமாக முட்டுக் கொடுத்து, நடுவில் காற்றுப் புக இடம் விட்டு, தலைக்கு மட்டும் பனையோலை போட வேண்டும். பக்கத்தையும் மூடினால் பூஞ்சணம் பூத்துவிடும். காய்ந்த கட்டையின் வெட்டுவாயில் வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை கையோடு உரிந்து வரும், இரண்டைத் தட்டினால் 'டங்' என்று கேட்கும். ஈரமிருந்தால் 'தொப்'. பதினாலு வயசில் நான் ஒவ்வொரு கட்டையாகத் தட்டித் தலையைச் சாய்த்துக் கேட்டுத் தீர்ப்புச் சொன்ன தோரணை இருக்கிறதே, சுதி சேர்க்கும் மிருதங்க வித்வான்கூட அவ்வளவு பந்தா பண்ணியிருக்க மாட்டார்.

கட்டையில் கசிந்து உறைந்திருக்கும் பிசினைச் சுரண்டித் தண்ணீரில் ஊறவைத்தால் கிழிந்த நோட்டு ஒட்டலாம். உச்சிவெயிலில் அட்டியிலிருந்து வருமே ஒரு புளித்த வாசம், அதை எந்தக் கடையிலும் இன்னும் பாட்டிலில் அடைத்து விற்கவில்லை. விற்பார்கள்.

எழுதிப்போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து ஒருவழியாக காஸ் வந்த அன்று, அம்மா சிலிண்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். கொல்லையில் அட்டி கரைந்து, கடைசியில் கல் மட்டும் மிஞ்சியது. 2007-ல் அரசாங்கமே இலவசமாக காஸ் அடுப்பு கொடுக்க ஆரம்பித்தபோது ஊரில் பல கொல்லைகளுக்கும் அதே கதி. நான் உருகி உருகிப் பழங்கதை பேசினால் அம்மா ஒரே போடாகப் போடுவாள்: "உனக்கென்னப்பா, நீ அடுக்குன. ஊதுனது யாரு?" ஈரக்கட்டை நுரை தள்ளிச் சீறும்போது ஊதுகுழலும் கையுமாக, கண் சிவக்க உட்கார்ந்திருந்தது அவள்தான், இந்தக் கட்டுரையை அவள் எழுதியிருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பாள்.

இப்போது நெடுஞ்சாலை ஓட்டல்கள் 'விறகு அடுப்புச் சமையல்' என்று போர்டு மாட்டி, அம்மா விரட்டிய புகைக்கும் சேர்த்துக் காசு வாங்குகின்றன. போன டிசம்பரில் கொடைக்கானலில் தங்கிய இடத்தில் 'கேம்ப் ஃபயர்' என்று ஒரு தம்பி பச்சைக் கட்டைகளைக் குவித்து டீசலை ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்குக் கை சும்மா இருக்குமா? குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக் காய்ந்ததைப் பொறுக்கி, காற்றுக்கு வழிவிட்டு அடுக்கிக் கொடுத்தேன். பேரன் வீடியோ எடுத்தான். மறுநாள் பில்லில் அந்த நெருப்புக்குத் தனி வரி இருந்தது. அடுக்கின கூலியைக் கழித்துக்கொள்ளச் சொன்னேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே ஜி.எஸ்.டி.யைக் கூட்டினார்.