படுகளத்து மண்

செஞ்சிக்கு அருகே தொண்டூர்க் குன்றில் கற்படுக்கைகள் இருக்கின்றன. சமணத் துறவிகளுக்காக வெட்டியவை. அகழூர், மோசி என்ற பெயர்களைச் சொல்லும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் அங்கே உண்டு, கி.பி. 3ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். எங்கள் ஆயாவுக்கோ அது வனவாசம் வந்த பாண்டவர்கள் படுத்தெழுந்த இடம். அந்தக் கதையை வகுப்பில் சொன்னதற்கு, "கதை அளக்காதே, பாடத்தைப் படி" என்று என்னை உட்கார வைத்தார்கள். இன்று நாட்டார் வழக்காற்றியல் மாணவர்கள் அதே கதையைப் பதிவு செய்ய அலைபேசியோடு குன்றேறி வருகிறார்கள். சொல்ல ஆயா இல்லை.

செஞ்சிப் பக்கம் பாரதம் என்றால் வெள்ளாமையோடு சேர்ந்தது. திரௌபதி அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவெல்லாம் தெருக்கூத்து. அர்ச்சுனன் தபசன்று வேஷக்காரர் மரத்தின் உச்சியிலிருந்து எறியும் எலுமிச்சைக்குப் பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். பிறகு படுகளம். களிமண் துரியோதனன் தெருவை அடைத்து மல்லாந்து கிடப்பான். பீமன் தொடையில் அடித்து, அம்மன் கூந்தல் முடிந்ததும் கூட்டம் பாய்ந்து மண்ணை அள்ளும். ஆயா முந்தானையில் முடிந்துவந்த கட்டியில் பாதியை நெல் குதிருக்குள் போடுவாள், மீதியை மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகுவாள். "இதுதாண்டா நம்ம நெல்லுக்குக் காவல்" என்பாள்.

இப்போது வீட்டில் குதிர் இல்லை. அறுத்த நெல் களத்திலிருந்தே செஞ்சி கமிட்டிக்கு, அதாவது ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போய்விடுகிறது. ஆனாலும் அந்த மண்ணுக்குத் தள்ளுமுள்ளு குறையவில்லை. டிராக்டர் சீட்டுக்கு அடியில் அதை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருப்பவரைப் பார்த்திருக்கிறேன். மாறிய வேலைக்கு ஏற்ற இடத்தை அவர் கண்டுபிடித்துக்கொண்டார்; வழக்காறு உயிரோடிருப்பது இப்படித்தான்.

அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்ட்பெய்டல் இந்த வட்டாரத்துக் கூத்தர்களிடமும் பூசாரிகளிடமும் கேட்டறிந்து, 1988இல் திரௌபதி வழிபாடு பற்றிய முதல் தொகுதியை வெளியிட்டார். மேலச்சேரித் திரௌபதி அம்மன் கோயிலும், அம்மனுக்குக் காவல் நிற்கும் முஸ்லிம் வீரன் முத்தால ராவுத்தனும் அதில் உண்டு. எங்கள் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காத கதைகள் சிகாகோவில் அச்சேறின. அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நாமே செய்திருக்க வேண்டிய வேலை என்ற ஆற்றாமை மட்டும் எனக்குத் தீரவில்லை.

தொண்டூர் வந்தால் கல்வெட்டைப் பாருங்கள். அப்படியே கீழே ஆடு மேய்ப்பவரிடம், அது யார் படுத்த இடம் என்றும் கேளுங்கள். அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதி, ஊரும் நாளும் குறித்து வையுங்கள்.