மானியப் புலவர்

ஒரு தெருக்கூத்துக் குழுவில் எத்தனை பேர் என்று கேட்டால், செய்யாறு, வந்தவாசிப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகூட விரல்விட்டுச் சொல்லிவிடும். வேடம் கட்டுகிறவர்கள் பத்துப் பேர், ஆர்மோனியம் ஒருவர், மிருதங்கம் ஒருவர், முகவீணை ஒருவர், தாளம் ஒருவர். அந்தக் கணக்கில் எப்போதும் விட்டுப் போகிறவர் ஒருவர் உண்டு. அவர் அரிதாரம் பூசமாட்டார், சலங்கை கட்டமாட்டார். பாடச் சொன்னால் ஊர் எழுந்து போய்விடும். ஆனால் குழுவிலேயே அதிகமாக வேடம் போடுகிறவர் அவர்தான். மற்றவர்களுக்கு ஒரு ராத்திரிக்கு ஒரு வேடம், மிஞ்சிப்போனால் இரண்டு. இவர் காலையில் பெண்ணுரிமைப் போராளி, மதியம் சுற்றுச்சூழல் காவலர், பொழுது சாய்ந்தால் தொல்கலை மீட்பர். எல்லாம் காகிதத்தில். இவர்தான் கூத்துச் சங்கத்தின் செயலாளர். நான் இவருக்கு வைத்திருக்கும் பெயர் மானியப் புலவர்.

புலவர் என்று சும்மா சொல்லவில்லை. பரிசில் வாங்கிய பாணன் வழியில் எதிர்ப்படும் இன்னொரு பாணனிடம், 'இந்த மலையைத் தாண்டு, அந்த ஆற்றைக் கட, அங்கே ஒரு வள்ளல் இருக்கிறான்' என்று வழி சொல்வதற்கென்றே ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகை நம்மிடம் உண்டு. இன்றைக்கும் உண்டு. இரண்டு செயலாளர்கள் பேருந்து நிலையத்து டீக்கடையில் சந்தித்தால் நடப்பது அதுதான். "அந்தக் கம்பெனிக்காரன் மார்ச் மாசம் குடுப்பான், பட்ஜெட்டை மூணு லட்சத்துக்குள்ள வையி, 'விழிப்புணர்வு'ன்னு ஒரு வார்த்தை கண்டிப்பா போட்டுடு." ஒரு வித்தியாசம் உண்டு. தன்னை நேரில் காணாமல் அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலை வேண்டாம் என்று திருப்பிவிட்டார் பெருஞ்சித்திரனார். நம்முடைய புலவர் முகம் பார்த்துக் கொடுத்த வள்ளல் ஒருவரைக்கூட இதுவரை பார்த்ததில்லை. அவருடைய வள்ளல்கள் எல்லோரும் மின்னஞ்சலில் இருக்கிறார்கள். அதுவும் 'இதற்குப் பதில் அனுப்பாதீர்கள்' என்று அடியில் எழுதியிருக்கும் மின்னஞ்சலில்.

இவரை அடையாளம் காண்பது எளிது. கக்கத்தில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் ஃபைல். கழுத்தில் பென் டிரைவ். சட்டைப் பையில் 'தலைவர்', 'செயலாளர்', 'பொருளாளர்' என்று மூன்று ரப்பர் ஸ்டாம்ப். விரல் நுனியில் மை காய்ந்ததே கிடையாது. சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி சங்கம் பதிய குறைந்தது ஏழு பேர் வேண்டும். அந்த ஏழு பேரைத் தேட இவர் திண்ணையை விட்டு இறங்கவில்லை. கூத்து வாத்தியார், வாத்தியார் தம்பி, தம்பி மச்சான், மிருதங்கக்காரர், அவர் பங்காளி, தான், தன் சம்சாரம். ஏழு முடிந்தது. செயற்குழு கூடியது என்றால், எல்லோரும் ஒரே கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள் என்று அர்த்தம்.

ஃபைலைத் திறந்தால் ஒரு கோயில் பிரகாரமே உள்ளே இருக்கும். பதிவுச் சான்று, பான், 12ஏ, 80ஜி, மூன்று வருஷத்து ஆடிட் அறிக்கை, சிஎஸ்ஆர்-1, நிதி ஆயோக்கின் தர்பன் எண். தர்பன் என்றால் கண்ணாடி என்று புலவர் விளக்கினார். வேடம் கட்டிக்கொண்டிருந்த வாத்தியார் கையிலிருந்த ரசம் போன கண்ணாடியை ஆட்டிக் காட்டி, "இது ஒண்ணு போதாதா தம்பி? தில்லியில வேற ஒண்ணு வேணுமா?" என்றார். வேண்டும். அந்தக் கண்ணாடியில் முகம் தெரியாத சங்கத்துக்கு மத்திய அரசிடம் மானியம் கிடையாது.

வெளிநாட்டுப் பணம் என்றால் கதையே வேறு. அதற்கு 2010ஆம் ஆண்டுச் சட்டம் தனி. 2020இல் அதைத் திருத்தினார்கள். அதன்பிறகு, நன்கொடை முதலில் வந்து இறங்கும் கணக்கு புது தில்லியில், ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் இருக்க வேண்டும். நிர்வாகச் செலவுக்கு முன்பு பாதிவரை எடுக்கலாம். இப்போது 20 விழுக்காடு. "செய்யாத்து பேங்குக்குப் போயி வரவே அரை நாள் ஆவுது" என்றார் வாத்தியார். புலவர் அந்த வழியை மூடிவிட்டார். ஆனால் பேச்சு வரும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறைக்கு ஃபோர்டு அறக்கட்டளை நிதி தந்தது அவருக்குப் பாற்கடல் கடைந்த கதை மாதிரி. அமுதம் அங்கேயே தீர்ந்துவிட்டது, நமக்கு வந்தது மத்து மட்டும்தான் என்பார்.

மிச்சமிருப்பது கம்பெனிகள். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், 135ஆம் பிரிவு. இதைப் புலவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டு நிகர லாபத்தின் சராசரியில் இரண்டு விழுக்காட்டைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். எதற்கெல்லாம் செலவிடலாம் என்று ஏழாம் அட்டவணை ஒரு பட்டியல் தருகிறது. அதில் பாரம்பரியக் கலைக்கும் இலை போட்டிருக்கிறது. ஆனால் பரிமாறுகிறவர் அந்த இலைக்கு வந்து சேர்வதற்குள் வாளியில் ரசம்தான் இருக்கும். கம்பெனிக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. கழிப்பறை கட்டிக் கொடுத்தால் போட்டோவில் கழிப்பறை தெரியும். துரியோதனன் படுகளத்தில் விழும்போது ஒரு கிழவி மூக்கைச் சிந்துகிறாளே, அதன் மேல் எங்கே லோகோ ஒட்டுவது?

இங்கேதான் புலவரின் புலமை வெளிப்படும். வள்ளலுக்கு எது வேண்டுமோ அது பாரதத்தில் இருக்கிறது என்பது அவர் கட்சி. 'கீசக வதம்' என்பது பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் விழிப்புணர்வு நிகழ்ச்சி. சைரந்திரி விராடன் அரண்மனையில் வேலை பார்த்தாளா இல்லையா? 'சூது துகில்' ஆன்லைன் ரம்மிக்கு எதிரான பிரசாரம். 'கர்ண மோட்சம்' உடல் உறுப்பு தானம். கவசத்தையும் குண்டலத்தையும் உடம்பிலிருந்து அறுத்துக் கொடுத்தவனைவிட நல்ல தூதுவர் யார்? ஒரே ஒரு முறைதான் சறுக்கினார். காடு வளர்ப்புக்கு நிதி தரும் ஓரிடத்துக்கு அர்ச்சுனனைக் 'காட்டின் தோழன்' என்று எழுதி அனுப்பினார். அங்கே பாரதம் படித்த ஒருவர் இருந்திருக்கிறார். 'காண்டவ வனத்தை எரித்தது யார்?' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

இத்தனைக்கும் கூத்து மாறவே இல்லை. அதே பாட்டு, அதே அடவு, அதே கிரீடம். மாறுவது பின்னால் கட்டும் பேனர் மட்டும்தான்.

பேனரைவிடக் கடினமானது பட்ஜெட். ஒரு கிரீடத்துக்கு மூன்று கொட்டேஷன் கேட்பார்கள். கல்யாண முருங்கை மரத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் செதுக்குகிறவர் அந்த வட்டாரத்தில் ஒரே ஒருவர், நம்முடைய வாத்தியார். ஆகவே வாத்தியார் ஒரு கொட்டேஷன் தந்தார். வாத்தியார் தம்பி அதைவிட இருநூறு ரூபாய் கூடுதலாக ஒன்று தந்தார். தம்பி மச்சான் நானூறு கூட்டினார். மூன்றும் ஒரே கையெழுத்தில் இருந்ததை ஆடிட்டர் சுட்டிக்காட்டினார். "ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சவங்க சார்" என்றார் புலவர். ராத்திரி இரண்டு மணிக்கு இருபது பேருக்கு டீ போடும் பாட்டியிடம் ஜிஎஸ்டி பில் கேட்ட கதையை அவர் சொல்லமாட்டார். பாட்டி சொல்வாள்.

அடுத்து விளைவு, பயன், தாக்கம் என்று மூன்று கட்டம் போட்ட அட்டவணை. மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று வாத்தியார் கேட்டார். புலவர் பொறுமையாகச் சொன்னார்: "கூத்து போட்டோம்னா விளைவு. ஜனம் பாத்துதுன்னா பயன். பாத்துட்டு ஊட்டுக்குப் போனப்புறம் ஏதாவது நடந்துச்சுன்னா தாக்கம்."

"ஊட்டுக்குப் போயி தூங்குவாங்க, தம்பி."

புலவர் அதையும் விடவில்லை. 'பார்வையாளர் நல்வாழ்வு' என்று எழுதிக்கொண்டார்.

தூக்கம் அவருக்கு இன்னொரு வகையிலும் சிக்கல். பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் கூத்தில், பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, துகில் உரியும்போது எழுப்பச் சொல்லிவிட்டுத் தூங்குவது ஜனங்களின் பிறப்புரிமை. புலவரோ நோட்டுடன் ஆண், பெண், குழந்தைகள் என்று எண்ணிக்கொண்டு வருவார். தூங்குகிறவரைப் பயனாளியாகச் சேர்க்கலாமா கூடாதா? போர்வைக்குள் இருப்பது ஒரு பயனாளியா இரண்டா? இவற்றுக்கு எந்த வழிகாட்டுக் கையேட்டிலும் விடை இல்லை.

பெங்களூரில் 1993இல் தொடங்கப்பட்ட இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் என்ற அமைப்பு, எந்த இந்திய மொழியிலும் விண்ணப்பம் எழுதலாம் என்கிறது. நல்ல சேதி ஆயிற்றே என்று சொன்னேன். புலவர் முகம் வாடிவிட்டது. "தமிழ்ல எழுதுனா நாம இன்னா பண்றோம்னு புரிஞ்சிடுமே, சார்!"

விண்ணப்பத்தை அனுப்புவது ஓர் 'அர்ச்சுனன் தபசு'. கூத்தில் அர்ச்சுனன் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவான். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம் வீசுவான். கீழே ஜனம் முந்தானை விரித்துக் காத்திருக்கும். புலவரின் மரத்துக்குப் பெயர் இணையதளம். ஒவ்வொரு படியிலும் ஒரு சோதனை. ஃபைல் 2 எம்பிக்கு மேல் போகக் கூடாது. கேப்சாவில் இருப்பது பூஜ்யமா ஓ-வா தெரியாது. உச்சியை நெருங்கும்போது பக்கம் காலாவதியாகிவிடும், மறுபடி கீழேயிருந்து ஏற வேண்டும். அர்ச்சுனனையாவது சிவபெருமான் வேடன் உருவத்தில் வந்து ஒரே ஒரு முறை சோதித்தார். பாசுபதத்தைக் கொடுத்த பிறகு, அதை எப்படிப் பயன்படுத்தினாய் என்று 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்று கேட்கவில்லை.

போன ஆடி மாதம் அப்படி ஒரு ராத்திரி. விண்ணப்பத்துக்குக் கடைசி நேரம் 11.59. அதே நேரம் திரௌபதி அம்மன் கோயில் களத்தில் கூத்து. புலவர் திரைக்குப் பின்னால் புளியமரத்தடியில் மடிக்கணினியுடன் உட்கார்ந்திருக்கிறார். மணி 11.40. இரண்டு வேலை பாக்கி. ஒன்று, 27ஆம் கேள்வி: 'எங்கள் நிதி நின்றுபோன பிறகு இந்தப் பணியை எவ்வாறு தொடர்வீர்கள்?' இது பொல்லாத கேள்வி. தொடர முடியாது என்றால், நிலைக்காத சங்கத்துக்கு எதற்கு நிதி என்பார்கள். தொடர்வோம் என்றால், பின்னே எங்களிடம் எதற்குக் கேட்கிறாய் என்பார்கள். இரண்டாவது, ஓடிபி. அது சங்கத் தலைவரான வாத்தியாரின் போனுக்குத்தான் வரும். போன் இருக்கிறது, அரிதாரப் பெட்டிக்குள். பூட்டும் இருக்கிறது, கோடு இழுத்துத் திறக்கிற பூட்டு. அந்தக் கோடு தெரிந்த ஒரே மனிதர் துரியோதனனாகச் சபையில் நின்று மீசையை முறுக்கிக்கொண்டிருக்கிறார்.

புலவர் கூத்துக் கோமாளியான கட்டியக்காரன் காதைக் கடித்தார். கட்டியக்காரனுக்கு அது போதும். ஒரே துள்ளலில் மேடைக்குப் போய் விழுந்து கும்பிட்டான்.

"மகாராஜா! பொக்கிஷப் பூட்டு திறக்கலியாம். சாவிய எப்பிடித் திருப்புறதுன்னு கணக்கப்புள்ள கேக்குறாரு!"

துரியோதனன் ஒரு விநாடி முழித்தான். புரிந்துவிட்டது. கதாயுதத்தை உயர்த்தினான். தாளத்துக்கு ஓரடி கீழே வந்தான், வலக்கைப் பக்கம் இரண்டடி நகர்ந்தான், ஒரு கிறுகி அடித்து மேலேறி நின்றான். கோடு விளங்கிவிட்டது. மிருதங்கக்காரர் அதற்கும் ஒரு தீர்மானம் வைத்தார். ஜனம் கைதட்டியது. மணி 11.52.

கட்டியக்காரன் மறுபடியும் விழுந்தான். "இன்னொரு சேதி, மகாராஜா. தில்லியிலேர்ந்து ஓலை. நாங்க குடுக்கற பொற்காசு நின்னுபோச்சுன்னா நாட்ட எப்பிடி நடத்துவீங்கன்னு கேக்குறாங்க."

துரியோதனன் சிரித்த சிரிப்பில் படுத்திருந்த பயனாளிகள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"பொற்காசு வர்றதுக்கு முன்னாடி எப்பிடி நடத்துனேனோ, அப்பிடித்தான்னு எழுதுடா!"

புலவர் எழுதினார். அப்படியேயா எழுத முடியும்? 'சமூகப் பங்கேற்பின் அடிப்படையிலான தற்சார்புத் தொடர்ச்சி மாதிரி' என்று ஆங்கிலத்தில் எழுதினார். 11.58க்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

அதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, துரியோதனன் மார்பில் இருபது ரூபாய் நோட்டைக் குத்திவிட்டார். கட்டியக்காரன் அவர் பேரையும் ஊரையும் ராகம் போட்டு அறிவித்தான். புலவர் மூச்சிரைக்க ஓடிவந்து ரசீதுப் புத்தகத்தைப் பிரித்தார். பேர், முகவரி எழுதி, மூன்று ஸ்டாம்பில் சரியானதைத் தேடிக் குத்தி, கிழித்து நீட்டினார்.

"இது இன்னாத்துக்குப்பா?" என்றார் பெரியவர்.

"80ஜி-ங்க. வருமான வரியில கழிச்சிக்கலாம்."

பெரியவர் ரசீதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். நான்காக மடித்தார். மடியிலிருந்த புகையிலையை அதில் பத்திரமாகப் பொட்டலம் கட்டிக்கொண்டு, "ஓரமா உக்காருப்பா, மறைக்குது" என்றார்.